‘ஐயோ, போச்சு!’ என்றால் வலி கூடும்!

இடுப்பில் சுளீரென்று ஒரு வலி. ‘நேத்து தண்ணிக் குடத்தைத் தூக்கினோமே, அதான்’ என்று தைலம் தடவிக்கொண்டு வேலையைப் பார்ப்பவர்கள் உண்டு. ‘ஐயோ, டிஸ்க் போயிடுச்சோ... இனிமே நடக்கவே முடியாதோ?’ என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் புரளுகிறவர்களும் உண்டு. இரண்டாமவருக்குத்தான் வலி அதிகமாகத் தெரியும். சீக்கிரத்தில் விடவும் விடாது.

‘அப்போ எல்லாம் மனப்பிரமையா?’ என்று கோபப்படாதீர்கள். வலி நிஜம்தான். ஆனால், அதை உணர்வது மூளை. 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். அடிபட்ட இடத்திலிருந்து கிளம்பும் சேதி, தண்டுவடத்தில் உள்ள ஒரு ‘கேட்’டைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். அந்தக் கேட்டைத் திறப்பதிலும் மூடுவதிலும் மூளைக்கும் பங்கு உண்டு. பயம், கவலை, எந்நேரமும் வலியையே நினைப்பது எல்லாம் கேட்டை அகலத் திறந்துவிடும்!

2011-ல் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாருங்கள். சூட்டினால் வலி உண்டாக்கி, ரத்தக்குழாய் வழியாக வலி நீக்கும் மருந்து கொடுத்தார்கள். வலி குறைந்தது. பிறகு, ‘மருந்தை நிறுத்திவிட்டோம்’ என்றார்கள். உண்மையில் மருந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் வலி பழையபடி ஏறிவிட்டது!

இன்னொரு சிக்கல்... பயந்தவர் அசையவே மாட்டார். படுத்தே கிடந்தால் தசை பலம் இழக்கும், மூட்டு இறுகும். அப்புறம் லேசாகத் திரும்பினாலே வலிக்கும். பயம் இன்னும் வளரும்.

என்ன செய்யலாம்?

* ‘போச்சு’ என்று தோன்றும்போது, ‘போன தடவையும் இப்படித்தான் வந்துச்சு, சரியாப் போச்சே’ என்று நினைத்துப் பாருங்கள்.

* கண்ணை மூடி, சில நிமிடம் மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள். இறுகிய தசை தளரும்.

* டாக்டர் சம்மதித்தால் தினமும் கொஞ்சம் நடங்கள். இன்று ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து.

* வீட்டில் உள்ளவர்களுக்கு: ‘எல்லாம் உன் மனசுதான்’ என்று சொல்லாதீர்கள். நிமிடத்துக்கு ஒருதரம் ‘ரொம்ப வலிக்குதா?’ என்றும் கேட்காதீர்கள்.

தைரியமாக இருப்பது வேறு, அலட்சியமாக இருப்பது வேறு. நெஞ்சுவலி என்றாலோ, இடுப்பு வலியோடு காய்ச்சல், கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போவது என்று ஏதாவது இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் மருந்தையும் நிறுத்தக் கூடாது.