விழித்திரை நோயும் சாயப் படமும்

அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்திலே தாமரைப் பொய்கை ஓவியத்தைக் கண்டார் பலர். அதிற் சிதைந்த பகுதி மீண்டும் எழாது. நம் கண்ணின் பின்சுவராகிய விழித்திரையும் அத்தகையதே. அதற்கும், அதன் பின்னுள்ள கோராய்டு என்னும் இரத்தக்குழாய்ப் படலத்திற்கும் நேரும் நோய்களை அறியும் முறையொன்றைச் சுருங்கக் கூறுவாம்.

1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை வெளியிட்டார். குழாய்கள் புலனாயின, அவற்றின் நுண்கசிவோ புலனாகவில்லை. 1871-இல் பேயர் என்பார் புளோரசீன் என்னும் சாயத்தை ஆக்கினார். அமெரிக்க நாட்டு இந்தியானா பல்கலைக்கழகத்து வைத்திய மாணவராகிய நோவோட்னி, ஆல்விஸ் இருவரும் அதனை இரத்தத்திற் செலுத்திக் கண்ணைப் படம்பிடித்து, 1961-இல் அம்முறையை வெளியிட்டனர். முதலிற் சோதனைக்கு உட்படுபவர் யாவர் என நாணயம் சுண்டிப் பார்த்தனராம். அது ஆல்விஸுக்கு வாய்த்தது. இது மாணவர் செய்த காரியம் என்பதை நம் நண்பர்கள் கருதுவார்களாக.

கண்மணியை மருந்தால் விரியச் செய்து, கையின் சிரையிற் சாயத்தை ஏற்றுவர். பத்துப் பதினைந்து விநாடியில் அது கண்ணை அடையும். நீல ஒளி பட்டவுடன் பசுமஞ்சளாய் ஒளிரும்; அவ்வொளியை மட்டும் வடித்துப் படமாக்குவர். நலமுள்ள விழித்திரைக் குழாய்கள் சாயத்தை வெளிவிடா. கசிவுள்ள இடம் வரவர மிகுதியாய் ஒளிரும். குழாய் அடைபட்ட இடம் இருண்டு தோன்றும். கோராய்டின் நுண்குழாய்களிலோ சாயம் கசிதல் இயல்பு. அதனை விழித்திரைக்குட் புகாது காப்பது இடையிலுள்ள நிறமிப் படலம். அது பழுதுற்றால் சாயம் ஆண்டு ஊறி நிற்கும். சிலரிடத்துப் புகைபோல் மேலெழுதலும் உண்டு.

சாயம் ஏற்றியபின் சில மணி நேரம் தோல் மஞ்சளிக்கும். சிறுநீரும் நிறம் மாறும். சிலர்க்குக் குமட்டல் உண்டாம். அரிதாகக் கடும் ஒவ்வாமையும் நேருமாதலின், வைத்தியர் அருகிருத்தல் இன்றியமையாதது. சாயமின்றி ஒளியாலேயே விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் கருவிகள் இந்நாளில் வந்துள்ளன. எனினும் கசிவைக் கண்கூடாகக் காண்பதற்குச் சாயப் படமே சிறந்தது.

இதனால் நமக்கென்ன எனின், நீரிழிவு இன்று நம் சிற்றூர்களிலும் மலிந்துளது. அந்நோய் வலியின்றியே விழித்திரைக் குழாய்களைக் கெடுக்கும். பார்வை தெளிவாயிருக்கும்போதே கேடு தொடங்கிவிடும். உரிய காலத்திற் கண்டால் லேசர் ஒளியாலும் ஊசி மருந்தாலும் பெரும்பாலும் தடுக்கலாம். இறந்துபட்ட விழித்திரையையோ மீட்டல் அரிது. ஆதலின், வீட்டில் நீரிழிவுடைய பெரியோர் இருப்பின், ஆண்டுக்கொருமுறையேனும் அவர்களைக் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் கற்ற பிள்ளைகளின் கடமையாம்.