மரப்பட்டையில் வாழும் நுண்பூச்சிகள்

மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும், குச்சவெளிப் பகுதியில் மா, வேம்பு முதலிய மரங்களின் அடிப்பட்டையிற் பாசியும் பூஞ்சணமும் படர்ந்திருத்தலைக் காணலாம். உற்று நோக்கின், அரிசிக் குறுநொய்யளவான பழுப்புநிறப் பூச்சிகள் அங்கே கூட்டமாக மேய்வதும், விரல் பட்டதும் சிதறியோடுவதும் புலப்படும். இவை மரத்தை அழிப்பனவென்றெண்ணிக் கத்தரிக்கு வாங்கிய நாசினியை இவற்றின்மேல் தெளித்தல் வீண் செலவாகும்.

இவை பட்டைப்பேன்கள். பாசி, பூஞ்சணம், உக்கிய பட்டைத்தூள் ஆகியனவே இவற்றின் உணவு. உயிருள்ள மரத்திற்கு ஊறு செய்யா. சிலந்திகளுக்கு இவை இரையாகின்றன; அச்சிலந்திகளோ நம் தோட்டத்துக் காவலர். உலகில் 5,000க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. வெப்ப நாடுகளிலேயே மிகுதி. செட்டையிற் செதில் கொண்ட வகைகளைப் பற்றி என்டர்லைன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1906 இல் கொழும்பு நூதனசாலையின் ஏட்டில் விரிவாக எழுதினார். தலைப்பேனும் கோழிப்பேனும் இவற்றின் மரபிலேயே தோன்றினவென்பது இன்றைய முடிபு. ஆகவே யாவும் ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றன. ஆயினும் பட்டைப்பேன் எவரையும் கடிப்பதில்லை.

அஞ்சத்தக்கவை வேறு. செதிற்பூச்சியும் மாப்பூச்சியும் ஊசிபோன்ற வாயாற் சாற்றை உறிஞ்சுவன. இலங்கையின் செதிற்பூச்சிகளை அரசாங்கப் பூச்சியியலாளராயிருந்த கிறீன் 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களில் வகைப்படுத்தி வெளியிட்டார். அடையாளம் எளிது: தொட்டாலும் செதிற்பூச்சி நகராது; மாப்பூச்சி மெல்ல ஊரும். பெரும்பாலும் இலையிற் பிசுபிசுப்பும், கரும்பூஞ்சணமும், மொய்க்கும் எறும்பும் காணப்படும். பட்டைப்பேனிடத்தில் இவையொன்றும் இல்லை. 2008 இல் இந்நாட்டிற் காணப்பட்ட பப்பாசி மாப்பூச்சியைக்கூட அடக்கியது நாசினியன்று. வெளிநாட்டினின்று கொணர்ந்து விடப்பட்ட சிறு குளவியே.

பட்டைப்பேனின் உறவினமொன்று மட்டும் நெற்செய்கையாளர் கவனத்திற்குரியது. செட்டையற்ற அப்பூச்சி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீளமே உடையது. ஈரமுள்ள களஞ்சியத்தில் நெல்மூடைகளின் மேல் தூசிபோல் ஊரும். ஆணின்றியே பெருகும் இனமும் இதில் உண்டு. பல நாசினிகளுக்கு இது எளிதில் மடிவதில்லை. ஆயினும் வறட்சியை இதனாற் தாங்க இயலாது. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 60 இற்குக் குறைந்து நீடித்தால் உடல்நீர் வற்றி இறக்கும். ஆதலால் நெல்லை நூற்றுக்கு 13 பங்கு ஈரத்திற்கு உலர்த்தி, மூடைகளைத் தரையிலும் சுவரிலும் படாவண்ணம் மரச்சட்டங்களின் மேல் அடுக்கி, வெயில் நாட்களிற் கதவு யன்னல்களைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தல் வேண்டும்.