மணிலாவை ஆண்ட மெட்ராஸ்: ஒரே நேரத்தில் 3 கவர்னர்கள், ஊர் திரும்பாத சிப்பாய்கள்... 1762-ல் என்ன நடந்தது?

விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில் கடைக்குப் போய் 'நிலக்கடலை' என்று கேட்டுப் பாருங்கள். கொடுப்பார்கள். ஆனால் நீங்கள் வெளியூர் என்று தெரிந்துவிடும். எங்கள் பக்கம் அதற்குப் பெயர் மல்லாட்டை. கொஞ்சம் வயதானவர்கள் மல்லாக்கொட்டை என்பார்கள். இன்னும் பின்னால் போனால் மணிலாக்கொட்டை.

ஆமாம், பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாதான். தென் அமெரிக்காவில் பிறந்த கடலைப் பயிரை ஸ்பானியர்கள் தங்கள் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். நம் வாயில் அந்த நகரத்தின் பெயர் தேய்ந்து மல்லாட்டை ஆனது.

ஆனால் இந்தக் கட்டுரை கடலையைப் பற்றியது இல்லை. அதே மணிலாவை ஒன்றரை ஆண்டுக் காலம் ஆண்டது மெட்ராஸ் கம்பெனி அதிகாரி ஒருவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த நகரத்தைப் பிடிக்க இங்கிருந்து போன சிப்பாய்கள் பலர் திரும்பி வரவே இல்லை என்பது?

மணிலா யாருடைய ஊர்?

1565-ல் ஸ்பானியர்கள் பிலிப்பைன்ஸில் காலூன்றினார்கள். 1571-ல் மணிலாவைத் தலைநகராக்கினார்கள். ஆனால் ஸ்பெயினிலிருந்து நேரடியாக ஆளவில்லை. நடுவில் மெக்சிகோ இருந்தது. மணிலாவில் இருந்த கவர்னர், மெக்சிகோவில் இருந்த வைஸ்ராயின் கீழ் வந்தார். செலவுக்கான வெள்ளியும் மெக்சிகோவிலிருந்துதான் வரவேண்டும்.

ஆண்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு கப்பல்கள். மணிலாவிலிருந்து மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்குப் போய்ச் சேரவே நான்கு முதல் ஆறு மாதம். பிறகு தரைவழியாக நாட்டைக் கடந்து, மறுபடி கப்பலேறி அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். கவர்னர் ஒரு கேள்வி கேட்டு மாட்ரிட்டிலிருந்து பதில் வருவதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிடும்.

அதனால்தான் ஸ்பானியக் குடியேற்றங்களில் ஒரு வழக்கமே உருவானது. அரசரின் உத்தரவு வரும். அதிகாரி அதை மரியாதையாக வாங்கிக்கொண்டு, 'கீழ்ப்படிகிறேன், ஆனால் நிறைவேற்றவில்லை' என்று எழுதிவிடுவார். உள்ளூர் நிலைமைக்கு ஒத்துவராது என்று பொருள். சட்டப்படி அது மறுப்பு இல்லை!

கவர்னர் பதவி: லாபமா, ஆபத்தா?

இரண்டும்தான். மணிலா கவர்னர் நிர்வாகத் தலைவர், படைத் தலைவர், 'ஆடியென்சியா' என்ற உயர் நீதிமன்றத்துக்கும் தலைவர். கீழே மாகாணங்களில் 'அல்கால்டே' அதிகாரிகள். அதற்கும் கீழே உள்ளூர்க்காரர்களிலிருந்து ஊர்த் தலைவர்கள். வரி வசூல் அவர்கள் பொறுப்பு. வரி போதாதென்று, ஆண்கள் ஆண்டுக்கு 40 நாள் கட்டாய வேலையும் செய்ய வேண்டும்.

இவ்வளவு அதிகாரத்துக்கும் ஒரு கடிவாளம் இருந்தது. அதன் பெயர் 'ரெசிடென்சியா'. பதவி முடிந்ததும் கவர்னர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. அங்கேயே இருந்து விசாரணையைச் சந்திக்க வேண்டும். கோர்குயேரா என்ற கவர்னர் 1644-ல் பதவி முடிந்த கையோடு சிறைக்குப் போய், ஐந்து ஆண்டுகள் உள்ளே இருந்தார். 1719-ல் புஸ்தமான்தே என்ற கவர்னரை ஒரு கூட்டம் அரண்மனைக்குள் புகுந்தே கொன்றது.

கவர்னர் இறந்துவிட்டால், புதியவர் வரும்வரை யார் ஆள்வது? 1762-ல் அந்தப் பொறுப்பு பேராயர் மானுவேல் ரோஹோவிடம் இருந்தது. மதகுருதான் அப்போது கவர்னர், படைத் தலைவரும் அவர்தான்.

விருத்தாசலத்தில் தப்பியவர்

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் ஆளுக்கொரு நவாபை ஆதரித்து மோதிக்கொண்டிருந்தார்கள். திருச்சிக்குப் போகும் பாதையில் இருந்ததால் விருத்தாசலம் முக்கியம். பெரிய மதில் கொண்ட கோயிலையே அப்போது கோட்டையாகப் பயன்படுத்தினார்கள். கடலூர் பக்கம் புனித டேவிட் கோட்டையிலிருந்து ஒரு படை அங்கே போனது. கூடவே இரண்டு கம்பெனி அதிகாரிகள்.

வேலை முடிந்து, சில சிப்பாய்களோடு மட்டும் அவர்கள் கடலூர் திரும்பும்போது பாளையக்காரர்களின் ஆட்கள் வழிமறித்துச் சுட்டார்கள். சிப்பாய்கள் சிலர் அங்கேயே விழுந்தார்கள். அதிகாரிகள் இருவரும் குதிரை வேகத்தால் தப்பினார்கள்.

ஒருவர் ராபர்ட் கிளைவ். இன்னொருவர் ஜார்ஜ் பிகட். இந்த பிகட்தான் 1755-ல் மெட்ராஸ் கவர்னர் ஆனார். மணிலாவுக்குக் கப்பல்கள் கிளம்பியபோதும் அவர்தான் கவர்னர்.

மெட்ராஸிலிருந்து ஏன் கப்பல்?

1762 ஜனவரியில் பிரிட்டன் ஸ்பெயின் மீது போர் அறிவித்தது. ஸ்பெயினை எங்கே அடித்தால் வலிக்கும்? வெள்ளி வந்து இறங்குகிற மணிலாவில். இந்த யோசனையைச் சொன்னவர் கர்னல் வில்லியம் டிரேப்பர். 1758-59-ல் பிரெஞ்சு முற்றுகையிலிருந்து மெட்ராஸைக் காத்தவர்களில் அவரும் ஒருவர்.

மெட்ராஸ் கவுன்சிலுக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. புதுச்சேரியைப் பிடித்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. இருக்கிற படையையும் அனுப்பிவிட்டு வெறும் கையோடு உட்கார முடியுமா? கடைசியில் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். டிரேப்பரின் ஆங்கிலேய ரெஜிமென்ட்டோடு சுமார் 600 சிப்பாய்கள், சுமை தூக்கவும் படகு தள்ளவும் சில நூறு லஸ்கர்கள். பிரெஞ்சுப் படையிலிருந்து வந்து சேர்ந்தவர்களைக்கூட விடவில்லை.

ஒப்பந்தமும் தெளிவாக இருந்தது. கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு கம்பெனிக்கு. பிடித்த ஊரை நிர்வகிப்பதும் கம்பெனிதான்.

தளபதி கார்னிஷின் கப்பல்கள் ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் மெட்ராஸை விட்டுக் கிளம்பின. செப்டம்பர் 23 அன்று மணிலா விரிகுடாவில் நின்றன. போர் அறிவித்த செய்தியே மணிலாவுக்கு முறையாக வந்து சேரவில்லை. பேராயருக்கு விஷயத்தைச் சொன்னது எதிரியின் கப்பல்கள்தான்!

அக்டோபர் 6 அன்று நகரம் விழுந்தது. சூறையாடல் நடந்தது. மேலும் கொள்ளையடிக்காமல் இருக்க 40 லட்சம் வெள்ளி நாணயங்கள் கேட்டார்கள். கோயில் வெள்ளிவரை திரட்டியும் முழுத் தொகை சேரவில்லை.

ஒரே நேரத்தில் மூன்று கவர்னர்கள்

முதலாவது, பேராயர் ரோஹோ. கைதி. ஆனால் அரசர் பெயரால் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். தீவுகள் அனைத்தையும் ஒப்படைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது, டாசன் டிரேக். மெட்ராஸ் கம்பெனிக்காரர். நவம்பர் 2 அன்று மணிலா கவர்னராகப் பொறுப்பேற்றார். நகரமும் கோட்டையும் அவர் கையில்.

மூன்றாவது, சிமோன் டி ஆண்டா. ஆடியென்சியா நீதிபதிகளில் ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல். நகரம் விழுவதற்கு முன்பே ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் வெளியேறினார். கையில் கொஞ்சம் பணம், அரசு முத்திரையிட்ட தாள்கள் கொஞ்சம். அவ்வளவுதான். அவர் வாதம் இது: கவர்னர் எதிரியின் பிடியில், மற்ற நீதிபதிகளும் பிடியில். சட்டப்படி மிச்சமிருக்கும் ஆடியென்சியா நான் ஒருவன். ஆகவே கவர்னரும் நான்தான்!

பத்திர ஆபீஸில் முத்திரைத் தாளுக்கு என்ன மதிப்பு என்று நமக்குத் தெரியும். அந்தத் தாளில் எழுதினால் அது அரசு உத்தரவு. பம்பாங்கா மாகாணத்தின் பக்கோலோரில் உட்கார்ந்துகொண்டு ஆண்டா உத்தரவுகள் எழுதினார், படை திரட்டினார், மணிலாவுக்குள் அரிசியும் மாடும் போகாமல் தடுத்தார். ரோஹோவின் கையெழுத்தை மாகாணங்கள் மதிக்கவில்லை. டிரேக்கும் ஆண்டாவும் ஒருவர் தலைக்கு ஒருவர் விலை வைத்தார்கள்.

ஆக, ஒருவரிடம் பதவி, இன்னொருவரிடம் கோட்டை, மூன்றாமவரிடம் அரிசி. ஜெயித்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை. மணிலா, கவீட் தாண்டி டிரேக்கின் அதிகாரம் நிலைக்கவே இல்லை.

இந்தக் குழப்பத்தில் இன்னொரு குரலும் எழுந்தது. வடக்கே இலோகோஸில் டியேகோ சிலாங் என்ற உள்ளூர்த் தலைவர் ஸ்பானிய வரிக்கும் கட்டாய வேலைக்கும் எதிராகக் கிளம்பினார். ஆங்கிலேயர் ஆதரவு தருவதாகச் சொன்னார்கள். 1763 மே மாதம் அவர் கொல்லப்பட்டார். போராட்டத்தைத் தொடர்ந்த மனைவி கபிரியேலா செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார்.

மணிலாவில் ஒரு 'சாவடி'

டிரேக் மெட்ராஸிலிருந்து தன் நிர்வாகப் பழக்கத்தையும் கொண்டுபோனார். நம் சாவடியில் உட்கார்ந்து வழக்கு கேட்கிற வழக்கத்திலிருந்து வந்ததுதான் மெட்ராஸின் 'சௌல்ட்ரி' நீதிமன்றம். அதே பெயரில் டிரேக் மணிலாவிலும் ஒன்றை அமைத்தார். ஆனால் அது யாரை வேண்டுமானாலும் சிறையில் தள்ளும் இடமாக மாறியது. ஸ்பானியர், சீனர், உள்ளூர்க்காரர், இங்கிருந்து போன இந்தியர் என எல்லோரும் மாட்டினார்கள். குற்றம் என்ன என்பது டிரேக்குக்கு மட்டும்தான் தெரியும் என்று சொந்தப் படை அதிகாரியே புகார் சொல்லும் அளவுக்குப் போனது.

கடிதம் தாமதம், ஊர் கைமாற்றம்

1763 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் சமாதானம் கையெழுத்தானது. மணிலா பிடிபட்ட செய்தி அப்போது ஐரோப்பாவுக்கே போய்ச் சேரவில்லை! தெரியாமல் பிடிபட்ட இடங்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். இத்தனை உயிர் போய்ப் பிடித்த ஊர், பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பொருட்டாகவே வரவில்லை. 1764-ல் ஆங்கிலேயர் கப்பலேறினார்கள்.

திரும்பாத சிப்பாய்கள்

கப்பலேறியவர்களில் சிப்பாய்கள் பலர் இல்லை. படையிலிருந்து விலகி, மணிலாவுக்குக் கிழக்கே கைன்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். இன்றும் கைன்தாவில் சில குடும்பங்கள் அந்தச் சிப்பாய்களின் வழிவந்தவர்கள் என்று அறியப்படுகிறார்கள்.

இங்கே அவர்களுக்கு அம்மா இருந்திருப்பார், மனைவி இருந்திருக்கலாம். கடிதம் எழுத கவர்னர்களிடம் முத்திரைத் தாள் இருந்தது. சிப்பாயிடம் என்ன இருந்தது? 'மணிலாவுக்குப் போனான்' என்பதோடு அந்த வீடுகளில் செய்தி நின்றுபோயிருக்கும்.

பிறகு யாருக்கு என்ன ஆனது?

ரோஹோ 1764 ஜனவரியில், ஊர் திரும்பக் கிடைப்பதைப் பார்க்காமலே இறந்தார். டிரேக் மெட்ராஸ் வந்ததும் முறைகேட்டுப் புகார்களைச் சந்தித்தார். பதவியில் இறக்கப்பட்டதோடு விஷயம் முடிந்தது. ஆண்டா 1770-ல் முறைப்படி நியமிக்கப்பட்ட கவர்னராகவே மணிலா திரும்பி, 1776 அக்டோபரில் பதவியிலிருக்கும்போதே காலமானார்.

விருத்தாசலத்தில் குதிரையில் தப்பிய பிகட்? இரண்டாவது முறை மெட்ராஸ் கவர்னராக வந்தார். தஞ்சாவூரை அதன் மன்னருக்குத் திருப்பிக் கொடுத்த விவகாரத்தில் கவுன்சிலோடு மோதினார். 1776 ஆகஸ்டில் அவருடைய சொந்த கவுன்சிலே அவரைக் கைது செய்தது. 1777 மே மாதம் காவலிலேயே இறந்தார். லண்டன் கடிதம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மணிலாவில் நடந்ததுதான் மெட்ராஸிலும்: மேலிடம் தூரத்தில் இருந்தால், கவர்னர் யார் என்பதை அன்றைக்கு அங்கே பலம் உள்ளவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

இந்த கவர்னர்கள் எல்லோருக்கும் ஆவணம் இருக்கிறது, தேதி இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து போன அந்த 600 பேரில் ஒருவர் பெயர்கூட நம் பாடப் புத்தகத்தில் இல்லை. அடுத்த முறை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை வாங்கும்போது, அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஊரையும், அங்கேயே தங்கிவிட்ட நம் ஆட்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.