மலைக்குளிரும் முதியோர் மதுவும்

"அதே அளவுதான்" என்னும் வாதம்

கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-ஆம் ஆண்டு தொடங்கிய போ தோட்டத்திலும், அதனை அடுத்து எழுந்த பிற தேயிலைத் தோட்டங்களிலும் கொழுந்து பறித்துக் காலங்கழித்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தாமே முதியோராகி, தம் மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பிழைக்கப் போய்விட, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வட்டாரங்களில் ஓய்வுக்காலத்தைக் கழித்து வருகின்றனர். அவர்களுள் மாலைப்பொழுதில் சிறிது மது அருந்தும் வழக்கமுடைய ஒருவரிடம், இந்த வயதில் இது வேண்டாமே என்று சொல்லிப்பாருங்கள். "நாற்பது வருஷமா இதே அளவுதான் குடிக்கிறேன், எனக்கு என்ன ஆயிடுச்சு?" என்று திருப்பிக் கேட்பார். அவர் பொய் சொல்வதாக எண்ண வேண்டியதில்லை. அளவு அதேதான், அதனை ஏற்கும் சரீரந்தான் வேறாகிவிட்டது.

வாலிபப் பருவத்தில் ஆணின் உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் நீராக இருக்கிறது. எழுபதை நெருங்கும்போது தசை வற்றிக் கொழுப்பு மிகுவதால் அது 50 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. மது நீரில் கலந்து பரவும் பொருளாகையால், கலப்பதற்கு நீர் குறைந்த உடம்பில் அதே கோப்பை மது இரத்தத்தில் அதிகச் செறிவோடு நிற்கிறது. ஈரலின் வேகமும் மட்டுப்பட்டிருக்கும். மூளையோ முன்னிலும் எளிதில் தடுமாறும். 640 மில்லி பீர் போத்தல் ஒன்றில் சுமார் 25 கிராம் சாராயச் சத்து உண்டு. முப்பது வயதில் அதைக் குடித்துவிட்டு நிதானமாக வீடு திரும்பியவர், எழுபது வயதில் அதே போத்தலுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க நேர்வதில் வியப்பில்லை. பெண்களுக்கு இயல்பிலேயே உடல் நீர் குறைவு. குடிக்கும் மூதாட்டிகள் நம்மிடையே இல்லையென்று பாவனை செய்வதால் அவர்களுக்குரிய எச்சரிக்கை அவர்கள் காதில் விழுவதேயில்லை.

குளிருக்கு மருந்து என்னும் பிரமை

தானா ராத்தா கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்குவது அங்கே சாதாரணம். ஆகவே மலைவாசிகளுக்குக் குடிக்க ஒரு நியாயம் எப்போதும் கைவசம் இருக்கிறது. பிராந்தி உள்ளே போனதும் உடம்பு கதகதவென்று ஆவதும் உண்மையே. ஆனால் அந்தக் கதகதப்பு, தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, உடம்பின் உட்பகுதியில் காக்கப்பட வேண்டிய உஷ்ணம் மேல்தோலுக்கு வந்து வெளியேறுவதன் அறிகுறி. குளிரைத் தாங்கும் சக்தி வயதினால் ஏற்கெனவே குறைந்துபோன ஒருவர், இந்தப் போலிச் சூட்டை நம்பிக் கம்பளியை எடுத்துப் போட்டுவிட்டு வாசல் திண்ணையில் உறங்கிப்போவாரானால், விடிவதற்குள் உடல் ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்துவிடக்கூடும். இஞ்சி தட்டிப்போட்ட தேநீருக்கு இந்தக் குற்றம் இல்லை; தேயிலை விளையும் மண்ணில் இதை நான் எழுதவேண்டியிருப்பதுதான் விந்தை.

மாத்திரைப் பையும் போத்தலும்

யாவற்றிலும் நான் அதிகம் அஞ்சுவது மாத்திரையும் மதுவும் ஒன்றுசேர்வதற்கே. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிகுதி. ஆதலால் அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரைப் பைகள், காலைக்கு இத்தனை இரவுக்கு இத்தனை என்ற குறிப்போடு, அனேக முதியோர் வீட்டில் அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. கிளிக்லாசைடு போன்ற மாத்திரைகள் இரத்தத்தில் சர்க்கரையைத் தாழ்த்துகின்றன. அது மிதமிஞ்சித் தாழ்ந்தால் ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை விட்டு ஈடுசெய்யும். மது அருந்தியவரின் ஈரலோ அந்தக் கடமையைச் சரிவரச் செய்வதில்லை. சோறு உண்ணாமல், மாத்திரையை மட்டும் விழுங்கி, மதுவும் அருந்தியவருக்கு நள்ளிரவில் வியர்த்துக் கொட்டும்; கை நடுங்கும்; பேச்சுக் குழறும்; பிறகு நினைவு தப்பும்.

இவை அனைத்தும் பார்ப்பவர் கண்ணுக்குப் போதையாகவே தோன்றும் என்பதுதான் பெருங்கொடுமை. "தாத்தா தண்ணி போட்டிருக்காரு, தூங்கட்டும் விடு" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீரிழிவுக்காரர் குடித்துவிட்டுக் குழறினால், முதலில் சர்க்கரைக் குறைவென்றே சந்தேகிக்க வேண்டும். விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரை கரைத்த நீரை உடனே புகட்டலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழைத்து, தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரத்த அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே தாழும். மூட்டுவலி மாத்திரையோடு சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியலாம்.

ஈரப் படிகள்

மலைச்சரிவில் அமைந்த வீடுகளுக்குப் படிகள் ஏராளம். மழையும் பனியும் பாசியும் அவற்றை விட்டு அகல்வதில்லை. மது சிறுநீரைப் பெருக்கி இரவில் இரண்டு மூன்று முறை எழுப்பிவிடும். தூக்கக் கலக்கத்தில் கால் இடறினால், எலும்பு தேய்ந்த வயதில் இடுப்பெலும்பு முறிவது எளிது. அதனினும் வஞ்சகமானது தலையில் பட்ட சிற்றடி: வயதாலும் குடியாலும் மூளை சற்றே சுருங்கியவர்களுக்கு, மண்டையோட்டின் உட்புறத்து நுண்ணிய நாளங்கள் இழுபட்டு நிற்பதால், இலேசான மோதலிலும் அறுந்து இரத்தம் மெல்ல மெல்லக் கசிகிறது. விழுந்ததையே எல்லோரும் மறந்துவிட்ட சில வாரங்களுக்குப் பின் தலைவலியும் மறதியும் தள்ளாட்டமும் தலைகாட்டும். அதை முதுமையின் தலையில் போட்டுவிடாமல், எப்போதாவது விழுந்தாரா என்று நினைவுபடுத்தி வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

பழக்கம் வந்த வழி

இந்த முதியோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்த காலம் ஒன்று மலாயாவில் இருந்தது. உழைத்த கூலி அக்கடைக்கே திரும்பிப் போவதைப் பொறாமல், 1947-ஆம் ஆண்டளவில் கெடாவில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து, அடக்குமுறைக்கும் ஆளாயினர். கள் போய், சம்சு என்னும் மலிவான சாராயம் வந்தது. அனுமதியின்றிக் காய்ச்சிய சரக்கில் மெத்தனால் கலந்து 2018-இல் சிலாங்கூர்ப் பகுதியில் பலர் மாண்டதையும் நாம் கண்டோம். நல்ல சரக்குக்கும் நற்சான்று இல்லை: மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் 1988-லேயே சேர்த்தாயிற்று, தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது.

நிறுத்தும் முறை

இத்தனையும் படித்துவிட்டு, நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்த தகப்பனாரின் போத்தலைப் பிள்ளைகள் ஒரே நாளில் ஒளித்துவைப்பது நல்லெண்ணத்தால் வரும் அபாயம். உடம்பு மதுவுக்கு அடிமைப்பட்டிருந்தால், திடீரென்று நிறுத்திய சில மணி நேரம் முதல் நான்கு நாட்களுக்குள் கை நடுக்கமும், வலிப்பும், இல்லாததைக் கண்டு பேசும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கே உலை வைக்கலாம். மருத்துவ மேற்பார்வையில் மாத்திரை கொடுத்துப் படிப்படியாக விடுவிப்பதற்கும், குடியர்களிடம் குறைந்துபோகும் தயமின் என்னும் பி1 ஜீவசத்தை ஈடுசெய்வதற்கும் வழி இருக்கிறது. அப்பாவின் மானம் போகுமே என்று எண்ணி, என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார், கடைசியாகக் குடித்தது எந்த நாள் எந்த வேளை என்பதை மறைக்காமல் உடன் சென்றவர் சொன்னால், நடுக்கமும் வலிப்பும் எப்போது வரக்கூடும் என்பதை வைத்தியர் கணக்கிட்டு, அதற்கு முன்பே மருந்தைத் தொடங்கிவிடுவார்.