மச்சான் பி.காம்.; மாப்பிள்ளை அம்போ!

குடும்பத்தில் ஒரே ஒரு பி.காம். பட்டதாரியாக இருப்பது ரொம்ப ஆபத்து சார்! டாக்டரைக் கண்டால் நாக்கை நீட்டுகிற மாதிரி, என்னைக் கண்டால் சொந்தக்காரர்கள் பாஸ்புக்கை நீட்டுவார்கள். பெரியப்பாவின் பென்ஷன் அரியர்ஸ், சித்தியின் ஏலச் சீட்டு, ஊர்க் கோயில் கும்பாபிஷேக வசூல்... எல்லாக் கணக்கும் என் தலையில்தான். நானும் ஒரு டம்ளர் காபிக்கு எல்லாவற்றையும் பார்த்துக் கொடுத்து, 'கணக்குப் புலி' என்று பெயர் வாங்கி வைத்திருந்தேன்.

அந்தப் புலி எலியான கதை இது.

என் தங்கச்சி வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்தவர். 2024 அக்டோபரில், ஆயுத பூஜை முடிந்த கையோடு வேலையை விட்டுவிட்டு, ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கக் கிளம்பினார். முதலுக்குத் தங்கச்சியின் எட்டுப் பவுன் அடகுக் கடைக்குப் போயிற்று.

"கணக்குக்கு ஆள் போடலீங்களா மாப்ளே?" என்றேன், ஒரு மரியாதைக்கு.

"நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க மச்சான்!" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் காலி.

பக்கத்துத் தெருவில் சரக்கு விற்கிற கடைக்காரருக்கு வருஷ வியாபாரம் 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆன்லைன் கடை வழியாக வெளிமாநிலத்துக்கு ஒரே ஒரு பனியன் விற்றாலும் பதிவு கட்டாயம். ஆகவே பதிவு செய்தோம். ஈமெயில் கேட்ட இடத்தில் என்னுடையதைக் கொடுத்தேன். (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வில்லன் இங்கேதான் என்ட்ரி!)

வாரத்துக்கொரு முறை ஆன்லைன் கம்பெனியிலிருந்து மாப்பிள்ளையின் பேங்க் கணக்கில் பணம் வந்து விழும். நான் ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய், பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பிரித்து, விழுந்த தொகையெல்லாம் விற்பனை என்று எழுதி, அதிலேயே 5 சதவிகித வரியையும் பிரித்துக் கணக்குக் காட்டிவிட்டு, கோழிக் குழம்பு சாப்பிட்டுத் திரும்புவேன். எவ்வளவு சுலபம்!

2025 டிசம்பர் 9-ம் தேதி, ஏதோ ஒரு பழைய கடிதத்தைத் தேடி ஈமெயிலைத் திறந்தேன். 'உங்களுக்குப் பர்சனல் லோன் தயார்' வகையறாக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் ஜி.எஸ்.டி. அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. தேதி, நவம்பர் 12. 2025 மார்ச்சோடு முடிந்த அந்த ஆறு மாதத்தில் ஆன்லைன் கம்பெனி உங்கள் விற்பனை என்று சொன்னது 11 லட்சத்து 40 ஆயிரம், நீங்கள் காட்டியது 7 லட்சத்து 63 ஆயிரம், மீதி எங்கே? முப்பது நாளுக்குள் விளக்கம் சொல்லவும்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று நாள் பாக்கி!

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நாம ஒண்ணும் திருடலீங்களே மச்சான்?" என்றார் மெதுவாக. அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை என்பதுதான் கொடுமை.

முதலில் தெரிந்த ஓர் ஆடிட்டர் ஆபீஸுக்கு ஓடினேன். "பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்பிடுங்க, ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்" என்றார்கள். அப்பாடா என்று படியிறங்கும்போதுதான் பொறி தட்டியது. அடப்பாவமே, நானும் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத்தானே பார்த்தேன்!

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் பழைய முதலாளி ஒரு அம்மாவிடம் அனுப்பினார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தவர். இப்போது வீட்டிலிருந்தபடியே ஆன்லைன் வியாபாரிகளுக்கு மட்டும் கணக்கு எழுதுகிறார். நான் பெருமையாகப் பேங்க் ஸ்டேட்மென்ட்டை நீட்டினேன்.

"இது கடைசியில பார்க்கலாங்க சார். செட்டில்மென்ட் ரிப்போர்ட் எங்கே?"

"அப்படின்னா?"

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் டிகிரி கழன்று விழுந்தது.

ஒரே ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு பென்சிலால் போட்டுக் காட்டினார். நீங்களும் பாருங்கள். சட்டையின் விலை 399. இதில் 5 சதவிகித ஜி.எஸ்.டி. 19 ரூபாய், ஆக விற்பனை 380. கம்பெனிக்காரர் தன் கமிஷன், கூரியர் செலவு என்று எங்களிடம் பிடிப்பது 110. அந்த 110-க்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. 19 ரூபாய் 80 காசு. அப்புறம் 380-க்கு அரை சதவிகிதம் டி.சி.எஸ்., அதாவது 1 ரூபாய் 90 காசு. வருமான வரிக்காக 0.1 சதவிகிதம் டி.டி.எஸ்., 38 காசு. இவ்வளவும் போக பேங்கில் விழுவது சுமார் 267 ரூபாய்.

அந்த 267-ஐத்தான் நான் 'விற்பனை' என்று எழுதியிருக்கிறேன். கம்பெனிக்காரரோ மாதா மாதம் 380 என்று அரசாங்கத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூவாயிரம் சட்டைக்கு இப்படி ஆனால் நோட்டீஸ் வராமல் கல்யாணப் பத்திரிகையா வரும்?

"குறைச்சுக் கட்டின வரி சுமார் 18,850 ரூபாய். வருஷத்துக்கு 18 சதவிகிதம் வட்டியோட கட்டிடலாம். அது பெரிசில்லீங்க" என்றார் அம்மா. "பெரிசு வேற ஒண்ணு இருக்கு."

கமிஷன் மேல் கட்டிய அந்த 19 ரூபாய் 80 காசு இருக்கிறதே, அது எங்கள் பணம்! இன்புட் கிரெடிட்டாக எடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். மூவாயிரம் சட்டைக்கு 59,400 ரூபாய். ஆனால் ஒரு நிதியாண்டின் கிரெடிட்டை அடுத்த நவம்பர் 30-க்குள் எடுத்தாக வேண்டும். நாங்கள் உட்கார்ந்திருந்தது டிசம்பர் 9-ல். நோட்டீஸ் வந்த நவம்பர் 12-லேயே நான் ஈமெயிலைத் திறந்திருந்தால், 20-ம் தேதி தாக்கல் செய்த ரிட்டர்னிலேயே அதைச் சேர்த்திருக்கலாம்.

என் சோம்பேறித்தனத்தின் விலை 59,400. தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

விளக்கம் 11-ம் தேதி போய்ச் சேர்ந்தது. டி.சி.எஸ். பணம் போர்ட்டலில் யாரும் ஏற்றுக்கொள்ளாமல் அப்படியே கிடந்தது; அதையும் எடுத்து வரி கட்டினோம். நடப்பு வருஷத்துக் கிரெடிட் மொத்தமும் பிழைத்தது.

அதோடு விட்டாரா அந்த அம்மா? "எந்தச் சட்டையில லாபம்னு தெரியுங்களா?" என்றார்.

"ஓவர்சைஸ் மாடல்தானுங்க. நல்லாப் போகுது" என்றார் மாப்பிள்ளை.

"போகுது சரி. எத்தனை திரும்பி வருது?"

மறுபடி பென்சில். ஓவர்சைஸ் சட்டை நூறு அனுப்பினால், அளவு சரியில்லை என்று 25 திரும்புகிறது. சட்டையின் அடக்கம் 190, பாக்கிங் 10. கமிஷனும் போக ஒன்றுக்கு 70 ரூபாய் மிச்சம். நின்ற 75 சட்டைக்கு 5,250. திரும்பிய 25-க்கு போக்குவரத்து தலா 90 வீதம் 2,250. வீணான பாக்கிங் 250. அதில் மறுபடி விற்க முடியாமல் கசங்கிய 10 சட்டை 1,900. நூறு சட்டைக்கு விளம்பரச் செலவு 1,500. கூட்டிக் கழித்தால் 650 ரூபாய் நஷ்டம்! அதிகம் விற்க விற்க அதிக நஷ்டம். காலர் வைத்த சட்டையோ நூற்றுக்கு எட்டுதான் திரும்புகிறது. அது சம்பாதித்ததை இது தின்றுகொண்டிருந்தது. மொத்தமாகப் பணம் விழுந்துகொண்டே இருந்ததால் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அன்றோடு ஓவர்சைஸ் நின்றது.

அந்த அம்மாவுக்கு மாசம் 6,000 ரூபாய். "ஆறாயிரமா?" என்று மாப்பிள்ளை இழுத்தார். "இலவசமா நான் பார்த்ததுக்கு எவ்வளவு ஆச்சுன்னு கணக்குப் போடுங்க மாப்ளே" என்றேன். உடனே சரி என்றுவிட்டார்.

ஆபீஸ் முடிந்து வந்து சைடில் ஆன்லைன் கடை போடலாம் என்று நினைக்கிற நண்பர்களே! கணக்குக்கு ஆள் தேடும்போது இவற்றைக் கவனியுங்கள்.

ஒன்று: எடுத்தவுடன் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கிறாரா, செட்டில்மென்ட் ரிப்போர்ட் கேட்கிறாரா? இரண்டாவது ஆள்தான் உங்களுக்கு வேண்டியவர்.

இரண்டு: 'ரிட்டர்ன்' என்று நீங்கள் சொன்னால் அவர் வரி ரிட்டர்னை மட்டும் நினைக்கக்கூடாது. திரும்பி வந்த சரக்கை எப்படி எழுதுவார் என்று கேளுங்கள்.

மூன்று: 'சரக்கு எந்த மாநிலத்துக் குடோனில் இருக்கிறது?' என்று அவராகவே கேட்க வேண்டும். ஆன்லைன் கம்பெனியின் பெங்களூர் குடோனில் சரக்கை வைத்து விற்றால் கர்நாடகத்திலும் பதிவு வேண்டும். (நல்லவேளை, எங்கள் குடோன் தங்கச்சி வீட்டுத் திண்ணை!)

நான்கு: ஆளை நம்புங்கள், ஆனால் பதிவில் உள்ள போன் நம்பரும் ஈமெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும். அதைத் தினமும் திறக்கவும் திறங்கள்!

ஐந்து: ஆடிட்டர் வேறு, கணக்கு எழுதுகிறவர் வேறு. வருஷத்துக்கொரு முறை கையெழுத்துப் போடுபவரை, வாரா வாரம் வருகிற கழிவுகளைப் பார்க்கச் சொல்வது நியாயமில்லை. எழுதுகிறவர் சி.ஏ. படித்திருக்க வேண்டும் என்றில்லை. அந்த ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டுப் பவுனில் மூன்று பவுன் இப்போது வீடு திரும்பிவிட்டது. போன வாரம் திருப்பூர் போயிருந்தேன். பழக்கதோஷத்தில் மேஜை மேலிருந்த ஃபைலை இழுத்தேன். தங்கச்சி அதை நைசாகப் பிடுங்கிக்கொண்டு, கையில் டம்ளரைக் கொடுத்தாள்.

"அண்ணா, நீ காபி மட்டும் குடி!"