தோல் தொழிற்சாலைத் தொட்டியில் இறப்பவர் எந்தச் சட்டத்தில் வருகிறார்?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களிலிருந்து 'விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் பலி' என்று செய்தி வந்தால், அடுத்த வரியைப் படிக்காமலே பாதி விஷயம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. டேனரியின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவர் இறங்கியிருப்பார். மயங்கி விழுந்த அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கியிருப்பார். பிறகு மூன்றாமவர். முகவரியில் பெரும்பாலும் ஒரு காலனியின் பெயர் இருக்கும். அல்லது பிழைப்புக்காக வந்த வடமாநிலத்தவரின் ஊர் இருக்கும்.

இதை விபத்து என்று எழுதுகிறார்கள். விபத்தென்றால் எதிர்பாராமல் நடக்க வேண்டும். தொட்டிக்குள் என்ன நடக்கும் என்பதோ பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் படித்த மாணவருக்கே தெரிந்தது. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அடுத்தடுத்த கட்டங்களில் கந்தக அமிலம் பயன்படுகிறது. இந்த இரண்டு கழிவுநீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிவரும். அது காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில் தங்கும். சகதியைக் கிளறும்போது மொத்தமாக மேலே வரும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாற்றம் போயிடுச்சு, இறங்கு' என்று ஒரு மேஸ்திரி சொல்கிறார் என்றால், அந்த நேரம்தான் மிக ஆபத்தானதாக இருக்கக்கூடும்.

இந்தத் தொட்டிகள் இவ்வளவு பெருகியதற்கே ஒரு வரலாறு உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாமல் டேனரிகள் இயங்க முடியாத நிலை வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தனித் தொட்டிகளும் கட்டப்பட்டன. ஆற்றுக்குப் போன கழிவு தொட்டியில் தேங்கியது. தேங்கிய சகதியை யாராவது அள்ள வேண்டும் அல்லவா? அந்த 'யாராவது' யார் என்பதைத் தீர்ப்பு சொல்லவில்லை. ஊர்தான் முடிவு செய்தது.

அந்த வழக்கின் இழப்பீடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கெட்டுப்போன நிலத்தை வைத்தே கணக்கு போடப்பட்டது. நிலமில்லாதவர், அந்த நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்தவர், அந்தக் கணக்கில் எங்கே வருவார்? வயல் வேலை போனபின் அவர் வீட்டுப் பிள்ளைகள் டேனரி ஈர வேலைக்குத்தான் போனார்கள்.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில், டேனரிகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சகதியில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினர். ஆற்றைக் காக்கக் கட்டிய தொட்டிதான் அவர்களைக் கொன்றது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குழாயிலிருந்து வெளியே வரும் நீரை அளக்கிறது. கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது என்று எண் வைத்திருக்கிறது. தொட்டிக்குள் இறங்கும் மனிதரைப் பார்க்க வேண்டியது வேறொரு துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். ஒரு நிறுவனம் வாரியத்தின் தாளில் ஒழுங்காகவும், மனிதர் விஷயத்தில் ஒழுங்கற்றும் இருக்கலாம். இதற்கு நடுவில் உள்ள சந்தில்தான் நம் ஆட்கள் சாகிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு தெளிவாகவே இருந்தது. வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் யாரையும் இறக்கக் கூடாது. இறக்கினால், தகுதியுள்ளவர் சோதித்து ஆபத்தில்லை என்று எழுத்தில் தர வேண்டும். இல்லையேல் மூச்சுக் கருவியும் இடுப்புப் பட்டையும் கயிறும் வேண்டும், கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கயிற்றுக்கு ஆகும் செலவு என்ன, சொல்லுங்கள்.

2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் இன்னும் கடுமையானது. பாதாளச் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. ஆனால் அந்தச் சட்டத்தில் செப்டிக் டேங்க் என்பது மனிதக் கழிவு தேங்கும் தொட்டி. டேனரித் தொட்டியில் இருப்பது மாட்டுத்தோல் கழிவும் ரசாயனமும். எனவே 'இது அதில் வராது' என்று வாதிட இடம் கிடைக்கிறது. இறங்குபவரின் சாதி ஒன்றுதான், சாகும் விதமும் ஒன்றுதான். கழிவு யாருடையது என்பதைப் பார்த்து உயிரின் விலை மாறுகிறது. இந்த வரையறையைத் திருத்தக் கோருவது தலித் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது சட்டமே மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது 20 ஆகிவிட்டது. பொதுவான கடமைகள் 10 பேர் வைத்திருப்பவருக்கும் உண்டு என்றாலும், தொழிற்சாலைக்கென்று உள்ள தனி விதிகள் 20 பேரிலிருந்துதான். ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 20 பேருக்குப் பதில் இனி 50 பேரிலிருந்து. தொட்டி கழுவ நாலு பேரைக் கூட்டிவரும் காண்ட்ராக்டர் அப்போதும் இதில் சிக்கவில்லை, இப்போது இன்னும் தள்ளிப் போய்விட்டார். நல்லதும் இருக்கிறது: ஆண்டுக்கொரு இலவச மருத்துவப் பரிசோதனை (எல்லா நிறுவனத்துக்கும் அல்ல, அரசு குறிப்பிடும் வகைகளுக்கு). கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் அபராதம் 5 லட்சத்துக்குக் குறையாது. அதில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் டேனரிக்கு வாரியம் தந்த இசைவாணையின் நகலையும், அங்கே தொட்டி சுத்தம் செய்யும் முறை பற்றிப் பாதுகாப்பு இயக்ககம் செய்த ஆய்வு அறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். வேலைக்குப் போகும் அண்ணன், அக்காவிடம் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். காப்பீட்டுக்குரிய வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒருவர் பணியில் இறந்தாலும் அவரைச் சார்ந்தவர்களுக்கு ஓய்வூதியம் உண்டு. எண்ணே இல்லையென்றால், நிறுவனத்தின் பெயரோடு இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.