உங்களுக்குத் தெரியுமா? ஃபேனுக்கு அடியிலும் வியர்ப்பது ஏன்

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று ஏறும் சூடு தோலில் பிறப்பதில்லை. மூளையில், ஹைப்போதலாமஸில் பிறக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் உடல்வெப்பத்தைக் காக்கும் அந்தப் பகுதி சிடுசிடுப்பாகிவிடும். சூடு இம்மி கூடினாலும் ரத்தக்குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டவைக்கும். சில நிமிடத்தில் குளிரும். பாதி ராத்திரியில் தலையணை உறை நனைந்து எழுந்து உட்காருவது இதனால்தான். ‘வயசானா அப்படித்தான்’ என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருக்க வேண்டியதில்லை.

இதற்கு அதிகம் பலன் தருவது இன்றும் ஹார்மோன் சிகிச்சைதான். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக அது ஆகாது. மூளையில் இந்தச் சூட்டைத் தூண்டும் சமிக்ஞையையே தடுக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற ஹார்மோன் அல்லாத மாத்திரைக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி தந்தது. படபடப்போடு எடையும் குறைந்தால் தைராய்டையும் பரிசோதியுங்கள். அதுவும் இதே வேஷம் கட்டும்.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றதாகக் கணக்கு. அதுவரை கரு தங்க வாய்ப்புண்டு. அதன்பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தாமதிக்காமல் மகளிர் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.